அட்மின் மட்டும் எழுதலாம்

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வெண்ணிலா மூன்றாம் வகுப்பு. நேற்றே அட்டை போட்டு முடித்திருக்க வேண்டிய பதினொரு நோட்டுகளுக்கும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நான்தான் அட்டை போட்டேன். அவள் அம்மா தமயந்தி போட்டால் ஓரம் கோணிவிடும். மில்லுக்கு எட்டு நிமிடம் தாமதம். டைம் ஆபீஸ் கிளார்க்கே தாமதமாக வந்தால் மற்றவர்களை எந்த முகத்தோடு கேட்பது? என் பெயருக்கு எதிரே நானே 8.08 என்று எழுதினேன்.

பாரிஜாதம் நகர் வாட்ஸ்அப் குழுவில் இன்றோடு இருநூற்று முப்பத்தாறு பேர். மூன்று வருடத்துக்கு முன்னால், எந்தத் தெருவுக்கு எப்போது குடிதண்ணீர் வரும் என்று சொல்வதற்காக நான் ஆரம்பித்தது. அப்போது பத்தொன்பது பேர். இப்போது யார் வீட்டில் சீமந்தம், யார் வீட்டுப் பூனையைக் காணோம், எல்லாம் அதில்தான். "மூர்த்தி சார் போட்டுட்டாரான்னு கேட்டுட்டுத்தான் மோட்டார் சுவிட்சையே தட்டுறாங்க" என்று தமயந்தி சொன்னாள். கேலிதான். இருக்கட்டும்.

மாலையில் மில் நண்பர் ஒருவர் ஒரு குரல்பதிவு அனுப்பினார். வெளியூரிலிருந்து நானூறு பேர் இறங்கியிருக்கிறார்களாம். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைத் தூக்குகிறார்களாம். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. 'வந்தது வந்தபடி. உண்மையா என்று தெரியாது. ஆனாலும் கவனமாக இருப்போம்' என்று எழுதிக் குழுவில் போட்டேன். நாற்பது பேருக்கு மேல் கைகூப்பியிருந்தார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. உள்ளே காயில் எரிந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். இரண்டு நாளைக்குக் குடம்தான்.

ஜூன் 13, வியாழன்

மதியத்துக்கு மேல் பெர்மிஷன் போட்டுவிட்டு வெண்ணிலாவை நானே அழைக்கப் போனேன். அந்தக் குரல்பதிவைக் கேட்டதிலிருந்து தமயந்தி அவளை ஆட்டோவில் அனுப்பப் பயப்படுகிறாள். 4.10க்கு மணி அடித்தது. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு ஆள் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு கட்டைப்பை. வெளியே வருகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். பையிலிருந்து கடலைமிட்டாய் பாக்கெட் ஒன்றை எடுத்து ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்டினார். அது பயந்து ஓடியது.

கிட்டப் போய், "யாருங்க நீங்க?" என்றேன்.

"பேரப்பிள்ளையப் பாக்க வந்தேன் சார்."

"பேரு?"

"தெரியலீங்க சார்."

"பேரனா, பேத்தியா?"

என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "அதுவும் தெரியாது. அஞ்சு வயசு இருக்கும். இந்த நகர்லதான் வீடுன்னு சொன்னாங்க."

ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத தாத்தா உலகத்தில் உண்டா? போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். "இங்கெல்லாம் நிக்கக் கூடாது, கிளம்புங்க" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைபாஸ் பக்கம் நடந்தார்.

5.32க்குக் குழுவில் படத்தைப் போட்டேன். 'பள்ளி வாசலில் சந்தேகப்படும்படியான நபர். மிட்டாய் கொடுக்கிறார். பெற்றோர் உஷார்.' இவ்வளவுதான் எழுதினேன். அரை மணி நேரத்தில் அறுபத்தொரு பதில். திட்டுபவர்கள் ஒரு பக்கம், வேறு ஊர் வீடியோக்களைப் போடுபவர்கள் ஒரு பக்கம். ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியவில்லை. 6.05க்கு 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று மாற்றிவைத்தேன். கூச்சல் அடங்கியது.

பிறகு மிக்ஸி ஜாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போனேன். கடை பூட்டியிருந்தது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபோது ஏழே முக்கால். ராத்திரிக்குக் கோதுமை உப்புமா.

ஜூன் 14, வெள்ளி

நேற்று மாலை பைபாஸ் நிறுத்தத்தில் ஒரு ஆளைக் கூட்டம் சேர்ந்து அடித்துவிட்டார்களாம். மில்லில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். கேட் செக்யூரிட்டி தன் போனைக் காட்டினார். நான் எடுத்த படம். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'குழந்தை கடத்தும் கும்பலின் தலைவன். கண்டால் விடாதீர்கள்.'

நான் அப்படி எழுதவில்லை. கும்பல் என்றோ தலைவன் என்றோ நான் எழுதவில்லை. சந்தேகம் என்றுதான் எழுதினேன். அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

மோட்டார் வந்துவிட்டது.

ஜூன் 15, சனி

அதிகாலையில் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துவிட்டார்.

பெயர் குருசாமி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி காலையிலேயே வந்து சொன்னார். நான்காவது தெருவில் இருக்கும் சுகந்தியின் அப்பாவாம். சுகந்தி ஏழு வருடத்துக்கு முன்னால் ஆரோக்கியராஜைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள். அவர் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். அப்பா வீட்டோடு போக்குவரத்தே கிடையாது. யார் சொல்லியோ மகள் இங்கே இருக்கிறாள், ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். வீடு எதுவென்று தெரியவில்லை. பிள்ளைகள் எப்படியும் பள்ளிக்கூடத்துக்கு வரும் என்று அங்கே போய் நின்றிருக்கிறார். திரும்பிப் போக ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கூட்டம் பிடித்துக்கொண்டது.

"படத்த எல்லாருக்கும் சேத்து அழிச்சுருங்க சார். நேரமாச்சுன்னா அழிக்க முடியாது" என்றார் தனுஷ்கோடி. அழித்தேன். என் போனில் இருந்ததையும் அழித்தேன். அழித்த படங்கள் கொஞ்ச நாள் ஒரு இடத்தில் கிடக்குமாம், அதிலிருந்தும் அழித்தேன். அதோடு வேண்டாத பழைய செய்திகள் சிலவற்றையும் நீக்கினேன். போனில் இடமே இல்லை.

தமயந்தி கேட்டாள். "சுகந்தியும் குழுவுல இருக்காளே. படத்தப் பாத்திருப்பாளே. உங்களுக்கு ஒண்ணும் போடலியா?"

"இல்லை" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

கறி வாங்கவில்லை. தலைவலி என்று படுத்திருந்தேன். வெண்ணிலாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். ஏழு எட்டு என்றதும் நிற்கிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். மரியாதையாகத்தான் பேசினார். தமயந்தி காபி கொடுத்தாள். படத்தை ஏன் அழித்தீர்கள் என்றார். புரளி பரவக் கூடாது என்று அழித்தேன் என்றேன். "நல்லது" என்று எழுதிக்கொண்டார். குழுவைப் பூட்டிய பிறகு என்ன செய்தீர்கள் என்றார். மிக்ஸி கடையில் கூட்டமாக இருந்தது, ஜாரைச் சரிபார்த்து வாங்கிவர ஏழே முக்கால் ஆகிவிட்டது, அதுவரை போனைத் தொடவே இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு தமயந்தி காபி டம்ளர்களைக் கழுவினாள். ஜார் இன்னும் ஷெல்ஃபில்தான் இருக்கிறது, பிளேடு சுற்றாமல். அவள் அதைப் பார்த்தாள். அம்மியில் அரைத்தாள்.

ஜூன் 20, வியாழன்

மில் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். பாண்டிச்செல்வி. ஆட்டோ மாரிக்கண்ணனின் மனைவி. அவர்கள் மூன்றாவது தெரு. பைபாஸ் சம்பவத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன ஏழு பேரில் மாரிக்கண்ணனும் ஒருவன். வெண்ணிலாவை ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் ஆட்டோவில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"சார், அவரு எறும்பக்கூட மிதிக்க யோசிப்பாரு. அன்னைக்கு ஸ்டாண்டுல இருந்து போன் போட்டாரு. ஒரு கடத்தல்காரன் மாட்டிக்கிட்டான்னாரு. நமக்கு எதுக்கு, யாரு எவருன்னு தெரியாம நீங்க போவாதீங்கன்னேன். 'மூர்த்தி சாரு போட்ட படம்டி, அவரு விசாரிக்காமப் போடுவாரா'ன்னுட்டு வச்சிட்டாரு."

மில் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வக்கீலுக்கு உதவுமாம் சார். நீங்க போட்டத நம்பித்தான் போனாருன்னு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சரி சார், சரி சார் என்று தலையாட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் 21, வெள்ளி

குழுவை மறுபடி எல்லோரும் எழுதும்படி திறந்துவிட்டேன். 'இன்று மாலை 4 முதல் 5 வரை நான்காவது தெருவுக்குத் தண்ணீர்.' பதினேழு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார். குருசாமி பற்றி யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

ஜூன் 22, சனி

தமயந்தி கடையில் சுகந்தியைப் பார்த்தாளாம். சுகந்தி இவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "அன்னைக்கு சாயங்காலம் மூர்த்தி அண்ணன் போன் எதும் ரிப்பேரா இருந்துச்சாக்கா?"

"என்னங்க, எதுக்கு அப்படிக் கேக்குறா?" என்றாள் தமயந்தி.

"எனக்கெப்படித் தெரியும்? அவகிட்டயே போய்க் கேளு" என்று கத்தினேன். வெண்ணிலா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் நான் இதுவரை அப்படிக் கத்தியதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஒட்டடை அடித்தேன். மூன்று அறைகளும்.

ஜூன் 24, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

மாலை 6.17. டீக்கடை பெஞ்சு. போன் அதிர்ந்தது. சுகந்தியிடமிருந்து, எனக்குத் தனியாக. 'அண்ணே, இவர் எங்க அப்பா. குழுவுல எழுத முடியல. நீங்க போட்டுருங்க ப்ளீஸ். எனக்குப் பயமா இருக்கு.' அதற்குக் கீழே இன்னொரு முறை, 'அண்ணே'.

படித்தேன். இரண்டையும் படித்தேன்.

அந்த நேரத்தில் நான் எடுத்த படம் வேறு மூன்று குழுக்களைச் சுற்றி எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போதே சிவப்பு வட்டம் வந்துவிட்டது. ஒன்றில், 'பாரிஜாதம் நகர் மூர்த்தி சாருக்கு ஒரு சல்யூட்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதையும் இரண்டு முறை படித்தேன்.

மன்னிக்கவும், தவறு நடந்துவிட்டது என்று எழுத ஆரம்பித்தேன். 'மன்னிக்கவும்' வரை எழுதினேன். இருநூற்று முப்பத்தாறு பேர். நாளைக்குத் தெருவில் நடக்கும்போது என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நிதானமாக, நல்லபடியாக எழுதலாம், ஆள்தான் இந்நேரம் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாரே என்று நினைத்தேன். எழுதியதை அழித்தேன். இன்னொரு டீ சொன்னேன்.

அவர்கள் அவரைப் பிடித்தது ஏழு பத்துக்கு. சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன நேரம். ஐம்பத்து மூன்று நிமிடம். டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக நேரத்தைக் கழித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

பதினைந்தாம் தேதி நான் நீக்கிய பழைய செய்திகளில் இதுவும் ஒன்று.

ஜூன் 25, செவ்வாய்

தமயந்தியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள். முடித்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, "போலீஸ்ல போய்ச் சொல்லுங்க" என்றாள். தட்டில் சோறு போட்டாள். அவள் வெண்ணிலாவோடு அடுத்த அறையில் சாப்பிட்டாள்.

ஜூன் 26, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பதினேழு, டீக்கடை, ஜார் பொய், அழித்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு வாக்குமூலத்துல இதச் சொல்லவேயில்லையே சார்" என்றார்.

"நான் சொல்றேனே சார்."

"நீங்க அடிக்கல. அடிக்கச் சொல்லவும் இல்ல. ஒருத்தர் மெசேஜப் பாத்துட்டு சும்மா இருந்தாருன்னா அத எந்தப் பிரிவுல நான் எழுதுறது?" நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "படம் போட்டதுக்கு எப்படியும் கோர்ட்ல இருந்து உங்களுக்கு சம்மன் வரும். அப்ப வந்து சொல்லுங்க. எத்தன வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியாது."

மாரிக்கண்ணன் வக்கீலின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

வக்கீல் எடுத்தார். நம்பித்தான் அடித்தான் என்று சொன்னால் அடித்ததை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமாம். மாரிக்கண்ணன் அங்கே இருக்கவே இல்லை என்றுதான் வாதாடப் போகிறாராம். "நீங்க தயவுசெஞ்சு எதுவும் பேசாம இருங்க" என்றார்.

தமயந்தி கேட்டதற்கு இதைச் சொன்னேன். சரி என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தமயந்தி வாசலில் யாரையோ "உள்ள வாம்மா" என்பது கேட்டது. துண்டோடு வந்தேன். சுகந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஒரு உதவிண்ணே. ஞாயித்துக்கெழம அப்பாவுக்குப் பதினாறாம் நாள். ஊர்ல அண்ணன்மாரு செய்றாங்க. என்னைய வரக் கூடாதுன்னுட்டாங்க. வீட்டுலயே ஒரு படம் வச்சு விளக்கேத்திக் கும்புடலாம்னு இருக்கேன். எங்கிட்ட அப்பா படம் ஒண்ணுகூட இல்ல. அன்னைக்குக் கட்டுன துணியோட வந்தவதான் நானு."

தமயந்தி சுவரோரமாக நின்று என்னைப் பார்த்தாள்.

"போன்ல சுத்துறதெல்லாம் பாத்துட்டேன்" என்றாள் சுகந்தி. "எல்லாத்துலயும் மூஞ்சியச் சுத்தி வட்டம் போட்டு, நெத்தி மேல எழுதிவச்சிருக்காங்க. குழுவுல நீங்க போட்டது எழுத்தில்லாம இருந்துச்சு. அது இப்ப இல்ல. உங்க போன்ல இருக்கும்லண்ணே? அத மட்டும் அனுப்பிவிடுங்க. ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசு பண்ணிக்கிடுறேன்."

"அழிச்சுட்டேன்மா" என்றேன்.

"போன்லயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. நான்தான் உடைந்தேன். அந்தச் செய்தியைப் படித்தேன், படித்துவிட்டுச் சும்மா இருந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்ணே. ரெண்டு டிக்கும் நீலமானத அப்பவே பாத்தேன். அண்ணன் பாத்துட்டாரு, இனி போட்டுருவாருன்னு கதவச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். சண்ட போடத்தான் வந்திருக்காரோன்னு பயம். பிள்ளைய எடுத்துட்டுத் தெருவுல இறங்கி நடந்திருந்தா பைபாஸ் பத்து நிமிஷம். நான் இறங்கல." தமயந்தியைப் பார்த்து, "போலீஸ்ல என்னன்னுக்கா சொல்ல? நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்கல்ல" என்றாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"சரி, படம் போவட்டும்" என்றாள் சுகந்தி. "நீங்க கிட்ட நின்னு பாத்தீங்கல்ல. ஏழு வருஷமா நான் பாக்கல. ஆஸ்பத்திரியில பாத்தது அவரு மூஞ்சியே இல்ல. எப்படி இருந்தாரு? மெலிஞ்சிருந்தாரா?"

சொன்னேன். வெள்ளைச் சட்டை, கைமடிப்புகூடத் தேய்த்தது. அன்றைக்குத்தான் முகம் மழித்திருந்தார், தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு இருந்தது. தலைமுடி முழுக்க நரைக்கவில்லை. மெலிவு என்று சொல்ல முடியாது.

ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றாள். "என்னண்ணே பேசுனாரு?"

"பேரப்பிள்ளையப் பாக்க வந்தேன்னாரு. பேரு தெரியாதுன்னாரு."

"பேரு ஸ்டெஃபின்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லி விடல. அப்புறம்?"

அப்புறம் அவர் பேசினார். அதை நான் எங்குமே எழுதவில்லை. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நான் போனைத் தூக்கியதும் அவர் ஓர் அடி முன்னால் வந்து, நம் தெருக்கள் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, நிறுத்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நீளமாகத்தான் சொன்னார். நடுவில் ஒரு முறை சிரித்தார். நான் முகம் திரைக்குள் முழுதாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடுகள் திரையில் அசைந்தன.

"காதுல விழலம்மா" என்றேன்.

"எம் பேரு எதும் சொன்னாராண்ணே?"

"தெரியலம்மா."

"திட்டுனாரா?"

"சிரிச்சாரு. சிரிச்சது தெரியும்."

"அப்ப எதையோ சொல்லியிருக்காரு. நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே. அவசரமில்ல. ஒரு வார்த்த ஞாபகம் வந்தாலும் போதும்."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பள்ளிக்கூட வாசல் வந்தது, சுற்றுச்சுவர் வந்தது, அவர் வாய் அசைவதும் வந்தது. பிள்ளைகளின் கூச்சலும் ஆட்டோ ஹாரனும் கேட்டன. அவர் குரல் மட்டும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சுகந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.